கத்தரிக்கு முன்பே வெட்டுப்படும் படங்கள்

இந்தியாவில் ஒரு நாவலையோ நாளிதழையோ அச்சேற்றுவதற்கு முன் அரசின் எந்த அமைப்பிடமும் காட்டி ஒப்புதல் பெற வேண்டியதில்லை. அதில் குற்றம் இருப்பதாகக் கருதுவோர், அது வெளிவந்த பிறகே நீதிமன்றத்தை நாடுகின்றனர். திரைப்படத்தின் நிலை வேறு. 1952ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுச் சட்டத்தின்கீழ் இயங்கும் மத்தியத் திரைப்படச் சான்றிதழ் வாரியம் பார்த்து, வகை பிரித்து, சான்றிதழ் அளிக்காத எந்தப் படத்தையும் பொதுமக்களுக்குத் திரையிட முடியாது. தணிக்கை என்று பத்திரிகைகளும் சென்சார் என்று திரைத்துறையினரும் குறிப்பிடும் இந்த நடைமுறை பற்றிப் பொதுவாக நிலவும் சித்திரம், முடிந்த படத்திலிருந்து ஓர் அதிகாரி கத்தரியை எடுத்துச் சில காட்சிகளை நறுக்கி எறிவது என்பதுதான். அந்த நறுக்கல் நடப்பது உண்மையே. ஆயினும் தமிழ்த் திரைப்பட வரலாற்றை உற்று நோக்கினால், வாரியம் நேரடியாக வெட்டியதைவிட, அதன் சான்றிதழில் இடம்பெறும் ஓர் எழுத்தோடு பிறர் முடிந்துவைத்த பணமும், அந்தச் சான்றிதழ் கைக்கு வந்துசேரும் நாளும்தான் படங்களின் உருவத்தை மிகுதியாகத் தீர்மானித்து வந்துள்ளன என்பது புலப்படும்.

படத்தொகுப்பு, பின்னணி இசை, ஒலிக்கலவை அனைத்தும் முடிந்த பிறகே தயாரிப்பாளர் படத்தை வாரியத்தின் வட்டார அலுவலகத்தில் ஒப்படைக்கிறார். மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட வாரியத்துக்குச் சென்னை உட்பட ஒன்பது நகரங்களில் இத்தகைய அலுவலகங்கள் உள்ளன. ஓர் அதிகாரியும், பல துறைகளிலிருந்து அரசு நியமித்த ஆலோசனை உறுப்பினர்கள் சிலரும் அடங்கிய ஆய்வுக்குழு படத்தைப் பார்த்து, எந்த வகைச் சான்றிதழ், எந்தெந்த இடத்தில் வெட்டு, எந்தெந்தச் சொல்லுக்கு ஒலி நீக்கம் என்பதைப் பரிந்துரைக்கிறது. அதை ஏற்காதவர்கள் மறுஆய்வுக்குழுவை நாடலாம். எல்லாரும் பார்க்கத்தக்க படத்துக்கு 'யு', பதினெட்டு வயது நிரம்பியோர் மட்டும் பார்க்கத்தக்க படத்துக்கு 'ஏ' என்ற இரண்டோடு, பெற்றோரின் வழிகாட்டலோடு சிறுவர் பார்க்கத்தக்க 'யுஏ'வும், மருத்துவர் போன்ற குறிப்பிட்ட பிரிவினருக்கு மட்டுமான 'எஸ்'ஸும் 1983இல் சேர்ந்தன. 2023ஆம் ஆண்டுத் திருத்தம் யுஏ வகையை 7, 13, 16 என்ற வயது வரம்புகளால் மூன்றாகப் பிரித்தது. இவற்றில் யுஏ என்பது பெற்றோருக்குச் சொல்லப்படும் அறிவுரை மட்டுமே. திரையரங்கின் வாயிலில் யாரையும் அது தடுப்பதில்லை. ஏ என்பது தடை. குழந்தையை அழைத்து வரும் குடும்பம் முழுவதையுமே அது வாசலிலிருந்து திருப்பி அனுப்புகிறது என்பதால், இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு ஒழுக்கம் பற்றியது என்பதைவிட வசூல் பற்றியது என்றே தயாரிப்பாளர்கள் கருதுகின்றனர்.

இந்த ஏற்பாடு சுதந்திர இந்தியா கண்டுபிடித்ததன்று. 1918ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பம்பாய், கல்கத்தா, சென்னை, ரங்கூன் ஆகிய நகரங்களில் 1920இல் தணிக்கை வாரியங்கள் அமைந்தபோது, அவை காவல்துறை ஆணையர்களின் பொறுப்பில் இருந்தன என்பதிலிருந்தே அரசு எதற்கு அஞ்சியது என்பது விளங்கும். 1939இல் கே. சுப்பிரமணியம் இயக்கத்தில் வெளிவந்த 'தியாகபூமி', சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் அமைச்சரவை இருந்தவரை தடையின்றி ஓடியது. அமைச்சரவை பதவி விலகிய பிறகு, காங்கிரசுக்குப் பிரசாரம் செய்வதாகக் கருதப்பட்டு, ஆங்கில அரசால் தடைசெய்யப்பட்டது. ஏற்கெனவே மக்கள் பார்த்துக்கொண்டிருக்கும் படமும் ஆட்சி மாறினால் அனுமதியை இழக்கலாம் என்பதைத் தமிழ்த் திரையுலகம் அப்போதே கண்டுகொண்டது. வயது அடிப்படையிலான பிரிவினை அதன் பின்னரே வந்தது. தமிழில் முதன்முதலாக ஏ சான்றிதழ் பெற்றதாகக் குறிப்பிடப்படும் 1951ஆம் ஆண்டு 'மர்மயோகி'க்கு அந்த எழுத்து கிடைத்ததற்குக் காரணம், இன்றைய வாசகர் எதிர்பார்க்கக்கூடிய எதுவுமன்று. அதில் வந்த பேய்க்காட்சிகள்தாம்.

முன்தணிக்கை அரசியல் சட்டத்துக்கு உகந்ததுதானா என்ற கேள்வியை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றவர் எழுத்தாளரும் இயக்குநருமான க்வாஜா அகமது அப்பாஸ். நான்கு பெருநகரங்களின் செல்வத்தையும் வறுமையையும் அருகருகே வைத்து அவர் எடுத்த குறும்படத்தில் பம்பாயின் பாலியல் தொழில் நடக்கும் தெருவும் சில நொடிகள் இடம்பெற்றிருந்தது. படம் தடைசெய்யப்படவில்லை என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. அவர் கேட்டது யு, வாரியம் தர முன்வந்தது ஏ, பிறகு அந்தக் காட்சியை நீக்கினால் யு என்பதாக வழக்கே ஓர் எழுத்தைச் சுற்றித்தான் எழுந்தது. தலைமை நீதிபதி இதாயத்துல்லா தலைமையிலான அமர்வு 1970இல் அளித்த தீர்ப்பு, அசையும் படம் பார்ப்போரின் உணர்ச்சியை மற்றக் கலைகளைவிட ஆழமாகக் கிளறக்கூடியது என்ற காரணத்தால் முன்தணிக்கை செல்லும் என்றது. அதே வேளையில், தணிக்கைக்குத் தெளிவான வரையறைகளும், அரசின் கையில் இல்லாத ஒரு மேல்முறையீட்டு அமைப்பும் வேண்டும் என்ற கருத்துக்கும் வலு சேர்த்தது. அவ்வாறு உருவான திரைப்படச் சான்றிதழ் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 1983 முதல் இயங்கியது. அது எவ்வாறு முடிந்தது என்பது பின்னர் வரும்.

சான்றிதழின் எழுத்து எவ்வாறு பணமாக மாறுகிறது என்பதற்குத் தமிழ்நாட்டைவிடத் தெளிவான எடுத்துக்காட்டைக் காண்பது அரிது. 2006இல் திமுக அரசு, தமிழில் பெயர் சூட்டப்பட்ட படங்களுக்குக் கேளிக்கை வரியிலிருந்து விலக்கு அளித்தது. 'ஜில்லுனு ஒரு காதல்' என்று அறிவிக்கப்பட்டிருந்த படம் 'சில்லுனு ஒரு காதல்' ஆனதைப் போன்ற பெயர்மாற்றங்கள் அந்த ஆணையின் விளைவுகள். பெயரோடு நின்றவரை கதைக்குச் சேதமில்லை. 2011இல் ஆட்சிக்கு வந்த அதிமுக அரசு இந்தச் சலுகைக்குப் புதிய நிபந்தனைகளைச் சேர்த்தது: படம் யு சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும், தமிழ்ப் பண்பாட்டை வளர்ப்பதாக இருக்க வேண்டும், வன்முறையும் ஆபாசமும் மிகுந்திருக்கக் கூடாது என்பவை அவற்றுள் முக்கியமானவை. இவற்றைச் சரிபார்ப்பதற்கென்று மாநில அரசு அமர்த்திய தனிக்குழு ஒன்றும் படங்களைப் பார்த்தது. அதாவது மத்திய வாரியத்தின் தணிக்கையைக் கடந்த படம், வரித்துறையின் வாசலில் இரண்டாவது முறையாக ஒழுக்கப் பரிசோதனைக்கு உட்பட்டது.

இதன் விளைவு சட்டப் புத்தகங்களில் பதிவாவதில்லை. கோடம்பாக்கத்தின் கணக்குப் பேரேடுகளில்தான் பதிவாயிற்று. விலக்குப் பெறாத படத்தின் வசூலில் முப்பது விழுக்காடு வரியாகச் செல்லும் என்ற நிலையில், விநியோகஸ்தர்கள் யு கிடைக்கும் என்ற உறுதியை எதிர்பார்த்தே விலை பேசினர். தயாரிப்பாளர்கள் வாரியத்திடம் 'இந்தப் படத்தில் எதை வெட்டச் சொல்கிறீர்கள்' என்று கேட்பதற்குப் பதிலாக, 'எதை வெட்டினால் யு தருவீர்கள்' என்று கேட்கும் இடத்துக்கு வந்தனர். சட்டப்படி பார்த்தால் இவை தயாரிப்பாளர் தாமே முன்வந்து செய்யும் வெட்டுகள். ஆகவே அவற்றை எதிர்த்து வழக்காட இயக்குநருக்கு வழியே இல்லை. குழந்தைகளைப் பாதுகாப்பதற்காக ஏற்பட்ட வகைப்பாடு, பெரியவர்களுக்கான படம் எடுப்பவரைத் தண்டிக்கும் வரிவிகிதமாக உருமாறியதைக் கொள்கைப் பிழை என்றே சொல்ல வேண்டும். 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது இந்த விலக்கு முறை முடிவுக்கு வந்தது. ஆனால் அதற்குள் தொலைக்காட்சி அந்த இடத்தைப் பிடித்திருந்தது.

ஏ சான்றிதழ் பெற்ற படத்தை அப்படியே தொலைக்காட்சியில் ஒளிபரப்ப முடியாது. அதற்கென்று காட்சிகளை நீக்கி மறுசான்றிதழ் பெற வேண்டும் என்பதை 2023ஆம் ஆண்டுத் திருத்தம் சட்டத்திலேயே எழுதிவிட்டது. துறையினர் சாட்டிலைட் உரிமை என்று அழைக்கும் தொலைக்காட்சி உரிமையின் விற்பனைப் பணத்தை நம்பியே பல நடுத்தரப் படங்கள் தொடங்கப்படுவதால், ஏ என்பது படம் வெளிவருவதற்கு முன்பே அதன் வரவுக் கணக்கில் ஒரு பள்ளத்தை உண்டாக்குகிறது. பெரும் நட்சத்திரப் படங்களும் இதற்கு விலக்கல்ல. 2025 ஆகஸ்டில் ரஜினிகாந்த் நடித்த 'கூலி' ஏ சான்றிதழோடு வெளியானபோது, தயாரிப்பு நிறுவனம் யுஏ கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியது. இதைவிட வன்முறை மிகுந்த படங்களுக்கு யுஏ தரப்பட்டுள்ளது என்பது அதன் வாதங்களில் ஒன்று. வெட்டுகளைத் தவிர்ப்பதற்காக ஏ வகையை ஏற்றுக்கொண்டவர்கள் பிறகு மாற்றிக் கேட்க முடியாது என்று வாரியத்தின் தரப்பில் சொல்லப்பட்டது, மனு தள்ளுபடியாயிற்று. 'வெட்டோடு யுஏ, வெட்டின்றி ஏ' என்ற பேரம் இந்த நடைமுறையின் மையத்தில் இருப்பதை இவ்வழக்கு வெளிச்சமிட்டுக் காட்டியது.

இத்தகைய நெருக்கடி இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1968 முதல் நடைமுறையில் உள்ள தரவகைப்பாட்டை நடத்துவது அரசன்று, திரைத்துறையின் சொந்தச் சங்கம். அதைப் பெற வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துவதுமில்லை. ஆயினும் பதினேழு வயதும் அதற்குக் கீழும் உள்ள எவருக்கும் அனுமதியில்லை என்ற வகையில் சேர்க்கப்பட்ட படத்தைத் திரையிடவும் விளம்பரப்படுத்தவும் பல நிறுவனங்கள் தயங்குவதால், அங்கும் இயக்குநர்கள் அடுத்த கீழ்ப்படி வகையைப் பெறுவதற்காக நொடிக்கணக்கில் காட்சிகளைக் குறைத்து வருகின்றனர். அரசு விலகி நின்றாலும் சந்தை அந்த வேலையைச் செவ்வனே செய்துவிடுகிறது.

பணத்துக்கு அடுத்தபடி காலம். தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் பைனான்சியரிடம் வட்டிக்கு வாங்கிய கடனில் எடுக்கப்படுபவை. பொங்கல், தீபாவளி போன்ற நாள்களைக் குறிவைத்துத் திரையரங்குகள் ஒப்பந்தம் செய்யப்பட்ட பின், தணிக்கைக்காகக் கைவசம் மிஞ்சியிருப்பது சில வாரங்களே. அந்த நிலையில் ஆய்வுக்குழு பதினைந்து வெட்டுகளைச் சொன்னால், அவற்றில் பன்னிரண்டு நியாயமற்றவை என்று இயக்குநர் நம்பினாலும், மறுஆய்வுக்குழுவுக்குப் போவதா கையெழுத்திடுவதா என்பதை முடிவு செய்வது கலை குறித்த வாதம் அன்று, வெளியீட்டுத் தேதியே. வாதாடத் துணிந்தவர்களின் கதைகள் இதை உறுதிப்படுத்துகின்றன. ராஜீவ் காந்தி படுகொலையின் பின்னணியில் ஆர்.கே. செல்வமணி எடுத்த 'குற்றப்பத்திரிகை' 1990களின் தொடக்கத்தில் உருவாகி, தணிக்கைச் சிக்கலிலும் வழக்கிலும் சிக்கி, 2007இல்தான் திரைக்கு வந்தது. அதற்குள் நாடு தழுவிய அதிர்ச்சியாக இருந்த செய்தி பழைய வரலாறாகிவிட்டது, நடிகர்களின் முகங்களும் மாறிவிட்டன. சென்னை அலுவலகம் 52 வெட்டுகளைக் கேட்ட 'ஆரண்ய காண்டம்', அவற்றை ஏற்க மறுத்துத் தில்லியிலுள்ள தீர்ப்பாயத்தின் வழியாகப் பெருமளவு சேதமின்றித் தப்பி 2011இல் வெளிவந்தது. தனுஷ்கோடி மீனவர்களையும் இலங்கை அகதிகளையும் பற்றி லீனா மணிமேகலை எடுத்த 'செங்கடல்' இங்கு மறுக்கப்பட்டு, அதே ஆண்டு, அதே தீர்ப்பாயத்தால் வெட்டின்றி அனுமதிக்கப்பட்டது.

அந்தத் தீர்ப்பாயம் 2021 ஏப்ரலில் ஓர் அவசரச் சட்டத்தால் கலைக்கப்பட்டது. இப்போது மறுஆய்வுக்குழுவோடு உடன்படாதவர் உயர் நீதிமன்றத்துக்கே செல்ல வேண்டும். உயர் நீதிமன்றங்கள் கருத்துச் சுதந்திரத்துக்கு ஆதரவாக நிற்பதுண்டு; 2016இல் 'உட்தா பஞ்சாப்' என்ற இந்திப் படத்துக்கு வாரியம் விதித்த 13 மாற்றங்களைப் பம்பாய் உயர் நீதிமன்றம் ஒரே ஒரு வெட்டாகக் குறைத்ததும், படம் குறித்த நாளில் வெளிவந்ததும் அதற்குச் சான்று. ஆனால் அந்தப் படத்தின் பின்னால் பெரிய நிறுவனங்களும் மூத்த வழக்கறிஞர்களும் இருந்தனர். திரைப்படம் அறிந்தவர்கள் அமர்ந்து பார்க்கும் தீர்ப்பாயத்தில் குறைந்த செலவில் முடிந்திருக்கக்கூடிய விவகாரம், ஆயிரக்கணக்கான வழக்குகள் காத்திருக்கும் நீதிமன்றத்துக்கு மாறியதில் இழப்பு முழுவதும் சிறு தயாரிப்பாளருக்கே.

சான்றிதழ் கிடைத்துவிட்டால் பயணம் முடிந்துவிடுவதாகவும் கொள்ள முடியாது. இடஒதுக்கீட்டுக் கொள்கையை விமர்சித்த 'ஒரே ஒரு கிராமத்திலே' 1987இல் யு சான்றிதழ் பெற்றும், சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. போராட்டம் வெடிக்கும் என்ற அச்சுறுத்தலுக்குப் பணிந்து கருத்தை அடக்குவது சட்டத்தின் ஆட்சியைக் கைவிடுவதற்குச் சமம் என்று 1989இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சான்றிதழை மீட்டளித்தது. இந்திய அளவில் மேற்கோளாகக் காட்டப்படும் இத்தீர்ப்பு ஒரு தமிழ்ப் படத்தால் விளைந்தது. எனினும் தமிழ்நாட்டிலேயே அது எவ்வளவு எளிதாக ஒதுக்கப்பட்டது என்பதை 2013இல் 'விஸ்வரூபம்' காட்டியது. யுஏ சான்றிதழ் பெற்றிருந்த அந்தப் படத்தை மாவட்ட ஆட்சியர்கள் 144 தடையுத்தரவின்கீழ் நிறுத்திவைக்க, இசுலாமிய அமைப்புகளோடு பேசிச் சில இடங்களில் ஒலியை நீக்க ஒப்புக்கொண்ட பிறகே பிப்ரவரி 7 அன்று அது மாநிலத்தில் திரையேறியது. 2018இல் 'சர்கார்' ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஆளுங்கட்சியினரின் எதிர்ப்பால், இலவசப் பொருள்களைத் தீயிலிடும் காட்சி நீக்கப்பட்டது. வாரியத்தைத் தாண்டி வந்தவர்கள் தெருவைத் தாண்ட முடியவில்லை.

இவை அனைத்தும் சேர்ந்து செய்யும் வேலை எழுத்து மேசையில்தான் நடக்கிறது. உண்மையான கட்சிக்குக் கற்பனைப் பெயர், சாதிப் பெயர் வரும் இடத்தில் மௌனம், நிகழ்ந்த ஊருக்குப் பதில் பெயரில்லாத ஊர் என்று கதையாசிரியர் முதல் வரைவிலேயே விட்டுக்கொடுக்கிறார். அனுபவமுள்ள இயக்குநர்கள், ஒரு காட்சி போய்விட்டால் ஒட்டுவதற்கென்று மாற்றுக் கோணத்தில் ஒரு ஷாட்டைக் கூடுதலாக எடுத்துவைத்துக்கொள்கின்றனர். குழுவின் கவனத்தைத் திருப்புவதற்காகவே வெட்டுப்படத் தகுந்த ஒன்றைச் சேர்த்துவைக்கும் தந்திரமும் துறையில் அறியப்பட்டதுதான். விலங்குகளைப் படம்பிடிக்க விலங்குகள் நல வாரியத்தின் அனுமதி தேவை. ஒரு காலத்தில் சென்னையில் இருந்த அதன் தலைமையகம் ஹரியானாவுக்கு இடம்பெயர்ந்த பிறகு, மாடும் ஆடும் வரும் கிராமத்துக் கதைக்கும் வடக்கே விண்ணப்பம் அனுப்ப வேண்டியதாயிற்று. புகைபிடிக்கும் காட்சியில் எச்சரிக்கை வாசகம் தோன்ற வேண்டும் என்ற விதியை ஏற்க மறுத்து, அமெரிக்க இயக்குநர் வுடி ஆலன் 2013இல் 'ப்ளூ ஜாஸ்மின்' படத்தை இந்தியாவில் வெளியிடுவதையே கைவிட்டார். அவருக்கு இந்தியச் சந்தை ஒரு துணுக்கு. தமிழ் இயக்குநருக்குத் தமிழ்நாட்டை விட்டால் வேறு போக்கிடம் இல்லை.

இணையவழித் தளங்கள் இதற்கு மாற்றாகும் என்ற நம்பிக்கை சில ஆண்டுகள் இருந்தது. அவற்றுக்கு முன்தணிக்கை இல்லை; 2021ஆம் ஆண்டு விதிகளின்படி தளங்களே வயதுவாரியாக வகைப்படுத்திக்கொள்கின்றன. ஆனால் வாரியத்தின் சான்றிதழோடு 2023 டிசம்பரில் திரையரங்குகளில் ஓடிய 'அன்னபூரணி', தளத்தில் ஏறிய பின் எழுந்த மத உணர்வுப் புகார்களால் 2024 ஜனவரியில் அங்கிருந்து நீக்கப்பட்டது. அதற்குப் பின் தளங்கள் தாமே அஞ்சத் தொடங்கியதில் வியப்பில்லை. திரையரங்கில் கட்டளையாவது எழுத்தில் வரும், காரணம் சொல்லப்படும். ஒரு தளம் வாங்க மறுக்கும்போது எந்தக் காரணமும் எழுதப்படுவதில்லை, மேல்முறையீடும் இல்லை.

இந்தச் சுமை முதலில் யார் தோளில் இறங்குகிறது என்பதை அண்மைய நிகழ்வு ஒன்று காட்டுகிறது. இயக்குநர் வெற்றிமாறன், தம் கிராஸ் ரூட் ஃபிலிம் கம்பெனியின் மூலம் பிறருடைய படங்களைத் தயாரித்து வந்தவர். கோபி நயினார் இயக்கிய 'மனுசி'க்கு வாரியம் சான்றிதழ் மறுத்ததால் அவர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாட, நீதிபதியே படத்தை நேரில் பார்க்கும் நிலை 2025இல் ஏற்பட்டது. வர்ஷா பரத் இயக்கிய 'பேட் கேர்ள்' முன்னோட்டக் காட்சி வெளியானது முதலே எதிர்ப்பையும் வழக்கையும் சந்தித்தது. 'பேட் கேர்ள்' 2025 செப்டம்பரில் வெளியாவதற்குச் சில நாள்களுக்கு முன், இவ்விரு படங்களும் சந்தித்த சிக்கல்களையும் சிறு தயாரிப்பாளருக்குள்ள நிதிநெருக்கடியையும் குறிப்பிட்டு, அதுவே தம் நிறுவனத்தின் கடைசிப் படம் என்று அவர் அறிவித்தார். படம் இயக்குவதை அவர் நிறுத்தவில்லை. புதியவர்களின் படங்களுக்குப் பணம் போடுவதை நிறுத்தினார்.